ஸ்கிராபிளில் க்யூ எழுத்து கையில் மாட்டிய கதை இருந்தால் சொல்லுங்கள்

வடசேரிக்காரன்:
எழுத்துக் கட்டைகளைப் பலகையில் அடுக்கி இங்கிலீசு வார்த்தை கோக்கும் ஸ்கிராபிள் ஆடத் தெரியாதவர்கள் இங்கே இருக்க மாட்டீர்கள், நேராக விஷயத்துக்கு வருகிறேன். ஓண லீவுக்கு மஸ்கட்டிலிருந்து சித்தி குடும்பம் வந்திருந்தது. வெளியே மழை, கரண்ட் இல்லை, எமர்ஜென்சி லைட்டில் ஆட்டம். பையில் கட்டை தீர்ந்தாயிற்று. நான்தான் முன்னால். சித்தி மகனிடம் க்யூ மாட்டியிருப்பது தெரியும். க்யூவுக்குப் பின்னால் வழக்கமாக வரும் யூ நான்கும் ஏற்கெனவே பலகையில் கிடந்தன. கையில் மிஞ்சினால் அவனுக்குப் பத்துப் புள்ளி கழியும்.

பையன் அலட்டிக்கொள்ளவே இல்லை. க்யூ, பக்கத்தில் ஒரு ஐ. குறுக்கே பார்த்தால் க்யூ-ஐ, நெடுக்கே பார்த்தாலும், பலகையில் கிடந்த ஐயோடு, க்யூ-ஐ. க்யூ விழுந்தது எழுத்துக்கு மூன்று மடங்கு கட்டத்தில். க்யூவுக்கு 30, ஐக்கு 1, மொத்தம் 31, இன்னொரு 31, ஆக 62!

“ஐக்யூவைத் திருப்பிப் போட்டா வார்த்தையாடே?” என்றேன். அப்பா அலமாரியிலிருந்து தலையணை சைஸ் டிக்‌ஷனரியை எடுத்து வந்து, க்யூ பக்கத்தில் மேலிருந்து கீழே விரலை ஓட்டினார். யூ இல்லாமல் ஒன்றும் இல்லை. “பெரியப்பா, சீன வைத்தியத்துல சொல்லுத உயிர்ச்சக்தி” என்றான் பையன். “இங்கிலீசு ஆட்டத்துக்குச் சீன வைத்தியம் எதுக்கு மக்கா?” என்றார் அப்பா. போனில் காட்டலாமென்றால் டவர் இல்லை. அவன் ஒரு வார்த்தை பேசாமல் இரண்டு கட்டைகளையும் திரும்ப எடுத்துக்கொண்டான். அதுதான் இன்னும் உறுத்துகிறது. ஆட்டத்தில் செல்லும் வார்த்தைகளைத் தொகுத்த காலின்ஸ் ஸ்கிராபிள் பட்டியலில் க்யூ-ஐ ஜோராக இருக்கிறது. வீட்டு டிக்‌ஷனரி பெரிதா, அந்தப் பட்டியல் பெரிதா?

குளச்சல் மருமகள்:
எனக்கு க்யூ இல்லை, முதல் எழுத்துதான் பிரச்சினை. ஒளிந்திருக்கும் ஐந்தெழுத்து இங்கிலீசு வார்த்தையை ஊகிக்கும் வேர்டில் மாதிரி ஒரு ஆப், குடும்பத்தோடு ஆடுவோம். கண்டுபிடித்த எழுத்தை விடாமல் ஆடும் ஹார்டு மோடில்தான் ஆட வேண்டும் என்பது கப்பலில் இருக்கும் வீட்டுக்காரரின் கட்டளை. கடைசி நான்கும் ஐ-ஜி-எச்-டி என்று பச்சையாகிவிட்டன, அதாவது எழுத்தும் இடமும் சரி. லைட், நைட், ஃபைட், ரைட் எல்லாம் போட்டாயிற்று. தேங்காய் துருவிக்கொண்டிருந்த அத்தை எட்டிப் பார்த்து, “எட்டு போட்டியா பிள்ளே?” என்றார்கள். நான் கவனிக்காமல் டைட் போட்டேன், ஆட்டம் முடிந்தது. விடை எய்ட். அத்தை அதற்கப்புறம் ஒன்றுமே சொல்லவில்லை, துருவிக்கொண்டே இருந்தார்கள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

தக்கலை தம்பி:
அக்கா, எனக்கும் இதே ஐ-ஜி-எச்-டியில் போயிருக்கிறது, அதை விடுங்கள். முன்னால் சாதாரணமாக வரக்கூடியவை எஃப், எல், எம், என், ஆர், எஸ், டி, அப்புறம் உங்கள் அத்தை சொன்ன ஈ. எட்டு வார்த்தை, ஆனால் வேர்டிலில் மொத்தமே ஆறு வாய்ப்புதான். ஒவ்வொன்றாகப் போட்டால் கதை கந்தல். ஹார்டு மோடு இல்லாவிட்டால் ஃபிலிம்ஸ் போடுங்கள், எஃப்-ஐ-எல்-எம்-எஸ். விடை ஆகாது என்று தெரிந்தே போடுவது. எஃப் பச்சையானால் ஃபைட். எல், எம், எஸ் மஞ்சளானால் (எழுத்து உண்டு, இடம் வேறு) அந்தந்த வார்த்தை. ஐயைத் தவிர ஒன்றும் ஒளிராவிட்டால் நைட், ரைட், டைட், எய்ட் நான்கில் ஒன்று. ஒரே போடில் பாதி கழிந்துவிடும். ஹார்டு மோடில் இதைப் போட விடாது. அதனால் அங்கே ஆரம்பத்திலேயே ஐ-ஜி-எச்-டி பக்கம் போகாமல் வேறு மெய்யெழுத்துகளைச் சோதிக்க வேண்டும். அண்ணனிடம் சொல்லி அந்த மோடை அணைத்துவிடுங்கள்.

வடசேரி அண்ணாச்சிக்கு: யூ இல்லாத க்யூ வார்த்தைகளைத் தனியாகவே மனப்பாடம் செய்யலாம். க்யூ-ஏ-டி (qat), க்யூ-ஏ-ஐ-டி (qaid), க்யூ-ஏ-என்-ஏ-டி (qanat), எஃப்-ஏ-க்யூ-ஐ-ஆர் (faqir). கடைசியானது நம்ம ஊர் தர்காவில் பார்க்கிற பக்கீர்தான். சொல் தேடும் தளங்களில் கையிலிருக்கும் எழுத்துகளைக் கொடுத்து, எந்த எழுத்தாகவும் வைக்கக்கூடிய வெற்றுக் கட்டைக்குக் கேள்விக்குறி போட்டால் எல்லாம் வந்துவிழும்.

மார்த்தாண்டம் பழைய வாத்தியார்:
தேடி எடுத்துப் போடுவதற்கு ஆட்டம் எதற்கு தம்பி? ஸ்கிராபிளை உருவாக்கிய ஆல்ஃப்ரட் பட்ஸ் என்ற மனிதர் நாளிதழின் முதல் பக்கத்தை வைத்துக்கொண்டு எந்த எழுத்து எத்தனை தடவை வருகிறது என்று கையால் எண்ணித்தான் கட்டைகளைப் பிரித்தார். நூறு கட்டையில் ஈ பன்னிரண்டு. க்யூவும் இசட்டும் ஆளுக்கு ஒன்று, புள்ளி பத்து. அபூர்வம் என்பதால்தானே அந்தப் புள்ளி? வடசேரிக்காரர் அப்பா செய்ததுதான் சரி. மேஜையில் இருக்கும் புத்தகமே நீதிபதி. என் அனுபவம் ஒன்றும் பெரிதாக இல்லை. பேத்தி என்னை போனில் தோற்கடிக்கிறாள், தளத்தைப் பார்த்துத்தான் ஆடுகிறாள் என்று சந்தேகம்.

அருமனைக்காரி:
சார், மேஜைப் புத்தகம் நீதிபதி என்றால் என் கதையைக் கேளுங்கள். கல்லூரிப் போட்டி, ஏ-ஈ-ஐ-ஓ-யூ ஒன்றும் இல்லாத வார்த்தைகளை எழுத வேண்டும். ரிதம், நிம்ஃப், லிங்க்ஸ், மிர் எழுதிவிட்டு, ஸி-டபிள்யூ-எம் என்றும் எழுதினேன். நடுவர் சிவப்புப் பேனாவால் அடித்துவிட்டு மைக்கில், “இது என்னம்மா, வண்டி நம்பரா?” என்றார். அரங்கமே சிரித்தது. “சார், எவரெஸ்ட்டுல இருக்கு” என்றேன். சிரிப்பு இன்னும் கூடியது.

பனியாறு குடைந்த கிண்ணம் போன்ற பள்ளத்தாக்குக்கு அந்தப் பெயர், வாயால் சொன்னால் கூம். எவரெஸ்ட்டுக்கு நேபாளப் பக்கமாக ஏறுகிறவர்கள் கும்பு பனியருவியைத் தாண்டினால் வெஸ்டர்ன் கூம்தான். 1921-இல் மல்லோரி வைத்த பெயர். இதை மைக் முன்னால் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒரே ஒரு வார்த்தை வித்தியாசத்தில் முதல் பரிசு போயிற்று. ஹாட் பாக்ஸ் கொடுத்தார்கள், இப்போதும் அதில்தான் இட்லி.

மார்த்தாண்டம் பழைய வாத்தியார்:
அந்த மேஜையில் நல்ல டிக்‌ஷனரி இருந்திருந்தால் கிடைத்திருக்குமே மகளே. நான் சொன்னதும் அதுதான்.

அருமனைக்காரி:
மேஜையில் தண்ணீர் பாட்டிலும் பொன்னாடையும்தான் சார் இருந்தன.

ஆரல்வாய்மொழி காற்று:
எல்லோரும் க்யூவைத் திட்டுகிறீர்கள், வி என்ற ஒன்றை யாருமே பேசவில்லை. இரண்டெழுத்து வார்த்தை எந்தப் பட்டியலிலும் கிடையாது, அதனால் எதையும் ஒட்டி இடுக்கில் சொருக முடியாது. ரயிலில் ஒருவரோடு போனில் ஆடிக்கொண்டு வந்தேன், கடைசிக் கட்டை வி. காற்றாலைகள் தெரிந்ததும் நாகர்கோவிலில் இறங்க அவர் பையை எடுத்துக்கொண்டே, “வச்சிட்டு வாங்க அண்ணாச்சி” என்றார். வைக்க இடம் எங்கே? தக்கலை தம்பி, இதற்கு உங்கள் தளம் என்ன சொல்கிறது?