ஹாஸ்டல் வார்டன்களுக்குப் பயிற்சி உண்டா? உங்கள் அனுபவம் சொல்லுங்கள்

துணை வார்டன், பெண்கள் விடுதி

பொறியியல் கல்லூரியில் சேர்ந்த இரண்டாம் வருடமே என்னைத் துணை வார்டனாகப் போட்டார்கள். கல்யாணம் ஆகவில்லை, சொந்த ஊர் தூரம், அதுதான் தகுதி. பயிற்சி என்று கையில் கொடுத்தது ஒரு சாவிக்கொத்தும் அவுட்பாஸ் நோட்டும்.

முதலாண்டு மாணவர்களிடம் முதல் மூன்று மாதமும், பதினைந்து நாளைக்கு ஒருமுறை, பெயரில்லாமல் கருத்துக் கேட்க வேண்டும் என்று யுஜிசியின் 2009 ராகிங் தடுப்பு விதிகள் சொல்கின்றன. நாங்களும் கேட்டோம். ஸ்டடி ஹாலில் உட்கார வைத்து, ரூம் வரிசைப்படி நானே தாளைக் கொடுத்து, அதே வரிசையில் நானே திரும்ப வாங்கினேன். இதில் பெயர் எழுதினால் என்ன, எழுதாவிட்டால் என்ன? எல்லாத் தாளிலும் 'பிரச்சினை இல்லை'. ஒருத்தி மட்டும் 'சாம்பார் தண்ணியா இருக்கு' என்று எழுதியிருந்தாள். பைலில் போட்டோம். ஆய்வுக்கு வந்தவர்கள் புரட்டிப் பார்த்துவிட்டு டிக் அடித்தார்கள்.

அதே மாதங்களில் ஒரு பெண் ராத்திரிச் சாப்பாட்டுக்கே வரவில்லை. சீனியர்கள் உட்காரும் மேஜையைத் தாண்டித்தான் தட்டு எடுக்கப் போக வேண்டும். எனக்குத் தெரியாது. மெஸ்ஸில் பாத்திரம் கழுவும் அக்கா, "மேடம், அந்தக் கண்ணாடி போட்ட பொண்ணு நைட்டு வர்றதே இல்லையே" என்று பேச்சுவாக்கில் சொன்னபோது செப்டம்பர் முடிந்திருந்தது.

அடுத்த வருடம் ஒரு மனநல ஆலோசகரை அழைத்து ஒருநாள் பயிற்சி வைத்தார்கள். நல்ல பயிற்சிதான், குறை சொல்ல மாட்டேன். மெஸ் அக்காவையும் மேட்ரனையும் கூப்பிடலாமா என்று கேட்டேன். "அவங்களுக்கு எதுக்கு மேடம்?"

முன்னாள் ஆர்ஏ (ரெசிடென்ட் அசிஸ்டென்ட்)

அமெரிக்காவில் இளங்கலை படித்தபோது விடுதியில் ஆர்ஏ வேலை பார்த்தேன். மாணவர்தான், ஆனால் ஒரு மாடி முழுக்க நம் பொறுப்பு. அதற்குப் பதிலாக ரூம் இலவசம். ஆகஸ்டில் வகுப்பு தொடங்கும் முன்பே பயிற்சி. அதில் 'பிஹைண்ட் க்ளோஸ்ட் டோர்ஸ்' என்று ஒன்று. பழைய ஆர்ஏக்கள் அறைக்குள் நடிப்பார்கள்: ரூம்மேட் சண்டை, குடித்துவிட்டுக் கிடப்பவன், அழுகிறவள். நாம் கதவைத் தட்டி உள்ளே போய்ச் சமாளிக்க வேண்டும்.

நான் போனது அழுகிற அறைக்கு. பதற்றத்தில் "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். அழுகையை நிறுத்திவிட்டு அந்தப் பெண் சொன்னாள்: "அதை மட்டும் சொல்லக் கூடாது. உயிருக்கு ஆபத்து என்றால் நீ மேலே சொல்லியே ஆக வேண்டும். அப்புறம் உன்னை யார் நம்புவார்கள்? கதவையும் திறந்தே விட்டிருக்கிறாய்." இன்றுவரை மறக்கவில்லை.

ஆனால் மதிப்பீடு அங்கேயும் இதே லட்சணம்தான். மாதம் எத்தனை நிகழ்ச்சி நடத்தினாய், எத்தனை பேர் வந்தார்கள்? பீட்சா வாங்கினால் நாற்பது பேர், வாங்காவிட்டால் நாலு பேர். நடுராத்திரி இரண்டு மணிக்கு ஒருவனோடு மாடிப்படியில் உட்கார்ந்திருந்ததை எழுத அந்தப் படிவத்தில் கட்டமே இல்லை.

ஆண்கள் விடுதி வார்டன்

மெஸ் அக்கா விஷயத்தில் ஒரு சின்ன மாற்றுக் கருத்து. பார்க்கிறவர்களுக்கெல்லாம் என்ன செய்வதென்று தெரியும் என நினைக்காதீர்கள். எங்கள் வாட்ச்மேன் அண்ணன், பதினோரு மணிக்கு மேல் மொட்டைமாடிக்கு யார் போகிறான் என்று நோட்டில் குறித்து வைப்பார். ஞாயிற்றுக்கிழமை அப்பா வந்தால் நேரே அவரிடம் சொல்லிவிடுவார்! அரியர் விழுந்ததை வீட்டில் மறைத்த ஒரு பையன் அப்படித்தான் மாட்டினான். அதோடு எங்கள் யாரிடமும் வாயே திறக்கவில்லை.

அதற்கப்புறம் எங்கள் பயிற்சியில் அவரையும் சேர்த்தேன். மேலே சொன்ன நடிப்பு மாதிரிதான், தமிழில். ஒரு லெக்சரர் மாணவனாக நடித்தார். அண்ணன் முதல் வாய்ப்பில் கேட்டது, "வீட்டு நம்பர் குடு தம்பி." எல்லோரும் சிரித்தோம். நாலாவது முறை, "வார்டன் சார் முழிச்சுதான் இருக்கார், வா, நான் கூட வர்றேன்" என்றார். ஆறு மாதத்தில் இரண்டு பையன்களை அப்படி என் அறைக்குக் கூட்டி வந்தார்.

ஜூனில் காண்ட்ராக்ட் ஏஜென்சி மாறிவிட்டது. இப்போது கேட்டில் நிற்பவர் வேறு ஆள். வந்து மூன்று வாரம்தான் ஆகிறது.