1934 பத்திரத்தில் இருக்கும் கொள்ளுப்பாட்டி வம்சாவளியில் இல்லை

நீடாமங்கலத்தான்:
எல்லோருக்கும் வணக்கம். அம்மாவழி வம்சாவளி எழுதிக்கொண்டிருக்கிறேன். பாட்டியின் சித்தப்பா வீட்டார் வைத்திருக்கும் தாளில் ஆண்கள் பெயர் மட்டும்தான் இருக்கிறது. ஆனால் பரணில் கிடைத்த 1934 பாகப்பிரிவினைப் பத்திரத்தில், காலமான மூத்தவரின் மனைவி என்று என் கொள்ளுப்பாட்டி பெயர் தெளிவாக இருக்கிறது. ஜீவனாம்சமாக 2 மா (நில அளவு) நஞ்சை, ஆயுள் வரை அனுபவிக்கலாம், விற்க பாத்தியமில்லை என்று போட்டு கடைசியில் அவருடைய பெருவிரல் ரேகை. ஏன் முழுப் பங்கு கொடுக்கவில்லை? அவர் பிறந்த ஊரையும் உறவையும் எப்படிக் கண்டுபிடிப்பது?

பத்திரக்காரர் திருவாரூர்:
தம்பி, அவருக்கு ஆண் பிள்ளை இல்லை போலிருக்கிறது. அன்றைய கூட்டுக் குடும்ப வழக்கப்படி இறந்தவர் பங்கு சகோதரர்களுக்குப் போய்விடும், விதவைக்கு ஜீவனாம்சம்தான். 1937-ல் விதவைக்குப் பங்கு தரும் சட்டம் வந்தது, அதுவும் விவசாய நிலத்துக்குப் பொருந்தாது என்று ஆகிவிட்டது. சென்னை மாகாணத்தில் 1947-ல்தான் நிலத்துக்கும் நீட்டினார்கள். டெல்டாவில் சொத்து என்றாலே நிலம்தானே, அப்புறம் அந்தச் சட்டத்தால் யாருக்கு என்ன பயன்!

மன்னார்குடி மீனா:
சக்குபந்தியை, அதாவது நிலத்தின் நான்கு எல்லை விவரத்தைப் படியுங்கள், நான் எங்கள் குடும்பத்தை அப்படித்தான் கோத்தேன். பாகம் பிரித்தால் நிலம் பக்கத்துப் பக்கத்தில் விழும், அதனால் வடக்கே இன்னார் நிலம், கிழக்கே இன்னார் நிலம் என்று எழுதியிருப்பதில் பாதி பேர் பங்காளிகளாக இருப்பார்கள். பேரனுக்குத் தாத்தா பெயர் வைக்கிற வழக்கத்தால் ஒரே பெயர் திரும்பத் திரும்ப வரும், தகப்பனார் பெயரையும் சேர்த்துப் பார்க்காவிட்டால் இரண்டு தலைமுறை ஒன்றாகிவிடும். சாட்சிக் கையெழுத்தையும் விடாதீர்கள், பிறந்த வீட்டு ஆள் யாராவது வந்து போட்டிருக்கலாம், ஊர்ப் பெயரோடு இருக்கும். சார்பதிவாளர் அலுவலகத்தில் பெயர் அட்டவணையில் அவர் பெயருக்கே தேடச் சொல்லுங்கள்.

நீடாமங்கலத்தான்:
ரொம்ப நன்றி அக்கா. சாட்சிகளில் ஒருவர் வலங்கைமான் பக்கத்து ஊர்க்காரர், எங்கள் வீட்டில் யாருக்கும் அவரைத் தெரியவில்லை! பத்திரத்தோடு ஒரு கிஸ்து (நிலவரி) ரசீதும் இருந்தது, கொள்ளுப்பாட்டி பெயரில், பசலி (வருவாய்க் கணக்கு ஆண்டு) 1366.

பத்திரக்காரர் திருவாரூர்:
பசலியோடு 590 கூட்டுங்கள். 1956 ஜூலையில் தொடங்கிய வருஷம். தம்பி, அந்த ரசீதை லேமினேட் செய்யாமல் பத்திரமாக வையுங்கள். இந்து வாரிசுரிமைச் சட்டம் அமலுக்கு வந்தது 1956 ஜூன் 17. அன்று ஒரு பெண் ஜீவனாம்சத்துக்காகக் கிடைத்த நிலத்தை அனுபவித்து வந்திருந்தால், 14-ஆம் பிரிவுப்படி அது அவருக்கு முழு உரிமையாகிவிடும், விற்கக்கூடாது என்று பத்திரத்தில் இருந்தாலும் செல்லாது. 1977-ல் உச்ச நீதிமன்றமும் அப்படித்தான் தீர்ப்பு சொன்னது. அவர் உயில் எழுதாமல் இறந்திருந்தால் அந்த 2 மா உங்கள் பாட்டிக்குத்தான் வந்திருக்க வேண்டும்.

நீடாமங்கலத்தான்:
நிலம் இப்போது சித்தப்பா வீட்டுப் பட்டாவில் இருக்கிறது. வழக்குப் போடும் எண்ணம் எனக்கு இல்லை. வம்சாவளியில் அவர் பெயரை நிலத்தோடு எழுத வேண்டும், அவ்வளவுதான்.

மன்னார்குடி மீனா:
எழுதுங்கள் தம்பி, புல எண்ணையும் சேர்த்து. வலங்கைமான் சாட்சியின் பெயரையும் தகப்பனார் பெயரையும் இங்கே போடுங்கள், அந்தப் பக்கம் எனக்குச் சொந்தம் இருக்கிறது, விசாரித்துச் சொல்கிறேன்.