பழைய படத்தை மறுபடி திருத்தினால் அது எந்த ஆண்டுப் படம்?

நிழல்பெட்டி:
2011இல் எடுத்த படம். தச்சர் ஒருவர் இழைப்புளி ஓட்டுகிறார், மரச்சுருள் அவர் மணிக்கட்டில் வளையல் மாதிரி தொங்குகிறது. அப்போது எனக்கு ஹெச்டிஆர் (வெளிச்சம், நிழல் இரண்டையும் தூக்கிக் காட்டும் உத்தி) பைத்தியம், பலகை ஆரஞ்சுப் பழ நிறத்தில் இருக்கும். போன வாரம் ரா ஃபைலை, அதாவது கேமரா பதிந்த மூலக் கோப்பை, திறந்து கருப்பு வெள்ளையாக்கினேன். வலது ஓரத்தில் பாதி வெட்டுப்பட்டு நின்ற ஒரு முழங்கையையும் எடுத்துவிட்டேன். பழைய பிரிண்ட் மூன்று பேர் வீட்டுச் சுவரில் இருக்கிறது. புதியதை அதே தலைப்பில், அதே 2011 என்று போட்டுக் கண்காட்சிக்கு அனுப்பலாமா?

கரித்துண்டு:
தாராளமாக அனுப்புங்கள். ஓவியர்கள் நாங்கள் இதைக் கேள்வியாகவே நினைப்பதில்லை. பிரெஞ்சு ஓவியர் பியர் பொன்னார் அருங்காட்சியகத்தில் தொங்கிய தன் ஓவியத்தையே விடவில்லையாம். நண்பர் காவலரிடம் பேச்சுக் கொடுக்க, இவர் பையிலிருந்து தூரிகையை எடுத்துத் திருத்தினார் என்று கதை உண்டு.

ஒற்றைலென்ஸ்:
பொன்னார் தன் கற்பனையைத் திருத்தினார். இங்கே தச்சர் நிஜ ஆள். வண்ணம் எப்படியும் போகட்டும், முழங்கைதான் எனக்கு உறுத்துகிறது. டோரதியா லாங்கே அமெரிக்க அரசின் புகைப்படத் திட்டத்துக்காக 1936இல் எடுத்த 'மைக்ரண்ட் மதர்' (புலம்பெயர்ந்த தாய்) படத்தின் கீழ் மூலையில், கூடாரக் கம்பைப் பிடித்த ஒரு கட்டைவிரல் இருந்தது. சில ஆண்டு கழித்து நெகட்டிவிலேயே அதை மறைக்க வைத்தார். அந்த அரசுத் திட்டத்தின் பொறுப்பாளர் ராய் ஸ்ட்ரைக்கருக்கு அது பிடிக்கவில்லை. உற்றுப் பார்த்தால் விரலின் சாயல் இன்றும் தெரியும்.

கரித்துண்டு:
உற்றுப் பார்த்தால்தானே! எல்லோருக்கும் நினைவிருப்பது அந்தத் தாயின் முகம். அப்புறம் அமெரிக்கப் புகைப்படக்காரர் ஆன்சல் ஆடம்ஸ்? 1941இல் ஹெர்னாண்டஸ் என்ற ஊரில் எடுத்த நிலவுப் படத்தை ஆண்டுக்கணக்காக பிரிண்ட் போட்டார், போகப் போக வானம் கறுத்துக்கொண்டே போனது. நெகட்டிவ் இசைக்குறிப்பு, பிரிண்ட் கச்சேரி என்பது அவர் கட்சி. பியானோ வாசித்தவர் அல்லவா.

ஒற்றைலென்ஸ்:
வானத்தைக் கறுப்பாக்கினார், சரி. கீழே கல்லறையில் இருந்த ஒரு சிலுவையையாவது தூக்கினாரா?

கரித்துண்டு:
அந்தப் படத்தில் இல்லை. ஆனால் 1944இல் லோன் பைன் ஊரில் எடுத்த குளிர்கால விடியல் படத்தைப் பாருங்கள். பள்ளிப் பிள்ளைகள் மலைச்சரிவில் வெள்ளைக் கற்களால் எழுதி வைத்த 'எல்பி' எழுத்துகளை நீக்கியவர் இதே ஆடம்ஸ்தான். இப்போது என்ன சொல்கிறீர்கள்?

ஒற்றைலென்ஸ்:
மாட்டிக்கொண்டேன். ஆனால் நீக்கியதைப் பிற்பாடு அவரே எழுதியும் வைத்தார், மூடி மறைக்கவில்லை. அதோடு, எழுத்து போனாலும் மலை மலைதான். நிழல்பெட்டி, கேட்கவே மறந்துவிட்டேன். அந்த முழங்கை யாருடையது?

நிழல்பெட்டி:
தச்சரின் தம்பியுடையது. பலகை ஆடாமல் மறுமுனையை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார்.

ஒற்றைலென்ஸ்:
இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டாமா? இரண்டு பேர் செய்த வேலையை ஒருவர் செய்ததாக மாற்றியிருக்கிறீர்கள். கட்டைவிரலும் இதுவும் ஒன்றா?

கரித்துண்டு:
முழங்கை திரும்பி வந்தால் கண் நேராக அங்கேதான் போகும். படம் கெடும். இதில் நான் இறங்கி வரமாட்டேன்.

நிழல்பெட்டி:
கெடும்தான், இப்போதுதான் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அதே நாளின் மற்ற ஃபிரேம்களையும் தேடினேன். இரண்டில் தம்பி முழுசாக இருக்கிறார், ஆனால் மரச்சுருள் கீழே விழுந்துவிட்டது. முழங்கையோடு கருப்பு வெள்ளையில் அனுப்புகிறேன். ஆண்டு 2011, பிரிண்ட் இந்த ஆண்டு என்று இரண்டையும் போட்டுவிடுகிறேன்.

கரித்துண்டு:
அந்த முழங்கையின் வெளிச்சத்தையாவது கொஞ்சம் குறையுங்கள் ஐயா.