குளியலறைச் சுவரில் ஓதம்: டைல்ஸை உடைப்பதா, எப்பாக்ஸி போதுமா?

வேளச்சேரிவாசி:
எங்கள் அடுக்ககம் கட்டி 14 ஆண்டுகள் ஆகின்றன. குளியலறையை ஒட்டிய படுக்கையறைச் சுவரில் முழங்கால் உயரத்துக்கு உப்புப் பூத்து, பெயிண்ட் பொருக்குப் பொருக்காக உதிர்கிறது. டைல்ஸ் இணைப்புகளைச் சுரண்டி, நீர் புகாத பிசின் கலவையான எப்பாக்ஸியை நிரப்பினால் போதும் என்கிறார் ஒரு மேஸ்திரி. உடைத்துப் புதிதாகப் பூச வேண்டும் என்கிறார் இன்னொருவர். வயதான பெற்றோர் இருக்கும் வீட்டில் ஒரே குளியலறைதான் உள்ளது.

பழையகொத்து:
உடைத்துவிடுங்கள் ஐயா. டைல்ஸின் பின்புறம் நான்கு மூலையிலும் நடுவிலும் சிமெண்ட் உருண்டை வைத்து அழுத்துவது நம் ஊரில் வெகுகாலப் பழக்கம். உருண்டைகளுக்கு இடையே உள்ள பொந்தில், இணைப்பு வழியே இறங்கிய நீர் தேங்கி, பூச்சையும் செங்கல்லையும் நனைத்து, அவற்றிலுள்ள உப்பைக் கரைத்துக்கொண்டு, காய்ந்த பக்கமான படுக்கையறைக்கு வந்து ஆவியாகிறது. தங்கிவிட்ட உப்பு பெயிண்டைத் தள்ளுகிறது. என் வீட்டில் கழற்றியபோது, பின்னாலிருந்த பூச்சு விரல் பட்டதும் ஈரமணலாகக் கொட்டியது. அதன்மேல் எப்பாக்ஸி அடைத்து என்ன பயன்?

தாம்பரத்து இல்லத்தரசி:
இதை நான் ஏற்கவில்லை. கசிவு எங்கிருந்து என்று பாராமல் உடைத்தால், சுவருக்குள் புதைந்த குழாய்தான் கசிகிறது என்றால் புது டைல்ஸும் இதே கதிக்கு ஆளாகும். முதலில் குழாய் வாய்களை அடைத்து, உள்ளே நீரை அழுத்தி ஏற்றி, அழுத்தச் சோதனை செய்யச் சொல்லுங்கள். அழுத்தமானியின் முள் இறங்கினால் குற்றவாளி குழாய். எங்கள் வீட்டில் இணைப்புகள் மட்டுமே பழுதாகியிருந்தன. எப்பாக்ஸி நிரப்பி மூன்று ஆண்டுகள் ஆகியும் சுவர் காய்ந்தே இருக்கிறது. கவனமின்றி உடைத்தால் தரையோரத்து நீர்த்தடுப்புப் பூச்சும் கிழிந்து, கீழ்வீட்டுக் கூரையில் நீர் சொட்டும்.

பழையகொத்து:
சோதனை அவசியம் என்பதை ஒப்புக்கொள்கிறேன், அம்மா. ஆனால் உங்கள் டைல்ஸ் கெட்டியாக ஒட்டியிருந்ததால்தான் எப்பாக்ஸி பலித்தது. நாணயத்தால் தட்டும்போது, பின்னால் பொந்து இருப்பதால் பொள்ளென்று ஒலிக்கும் இடத்தில் முன்பக்கத்தை அடைத்தால், உள்ளே தேங்கிய ஈரம் வெளியேறப் படுக்கையறையைத் தவிர வேறு வழியிருக்காது.

தாம்பரத்து இல்லத்தரசி:
அப்படியானால் பொள்ளென்று ஒலிப்பவற்றை மட்டும் எடுக்கலாமே! முழுச் சுவரையும் இடித்து, முதியவர்களை வாரக்கணக்கில் அலைக்கழிப்பானேன்?

வேளச்சேரிவாசி:
இருவருக்கும் நன்றி. அழுத்தச் சோதனையில் முள் இறங்கவில்லை. தட்டிப் பார்த்ததில் ஷவருக்குக் கீழே மூன்று வரிசை பொள்ளென்கிறது. மேலே கெட்டியாக இருக்கிறது. அந்த மூன்று வரிசையை மட்டும் எடுக்கச் சொல்லிவிட்டேன். பெற்றோர் அதுவரை தங்கை வீட்டில் இருப்பார்கள்.

பழையகொத்து:
நொறுங்கிய பூச்சைச் செங்கல் தெரியும்வரை கொத்தி எடுத்து, புதுப்பூச்சு இறுகிய பின் நீர்த்தடுப்புப் பூச்சு இரண்டு முறை அடியுங்கள். புதிதாக ஒட்டுவது கண்ணாடிபோல் இறுகச் சுட்ட விட்ரிஃபைடு டைல்ஸ் என்றால், அது 0.5 சதவீதத்துக்கு மேல் நீரை உறிஞ்சாது என்பதால் வெறும் சிமெண்ட் அதைப் பிடிக்காது. டைல்ஸ் பசையை விளிம்பில் பல் வெட்டிய கரண்டியால் முழுப்பரப்பிலும் இழுத்து ஒட்டச் சொல்லுங்கள்.

தாம்பரத்து இல்லத்தரசி:
படுக்கையறைப் பக்கம் அவசரப்பட்டுப் பட்டி பார்க்காதீர்கள். உப்பைக் கழுவினால் கரைந்து மீண்டும் உள்ளே இறங்கும். உலர்ந்த பிரஷ்ஷால் தேய்த்துத் தட்டிவிட்டு, புதிதாகப் பூப்பது நிற்கும்வரை சுவரைத் திறந்தே விடுங்கள்.