விண்டோஸா, லினக்ஸா, மேக்கா? கல்லூரிக்கு மடிக்கணினி வாங்கிய தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களின் அனுபவங்கள்

பாலக்கோடு அக்கா

வணக்கம். தம்பிக்குப் பர்கூர் அரசு பொறியியல் கல்லூரியில் இயந்திரவியல் பிரிவில் இடம் கிடைத்திருக்கிறது. மடிக்கணினி வாங்க வேண்டும். ஆளுக்கொரு யோசனை சொல்கிறார்கள். சித்தப்பா மகன் மேக் வாங்கினால் ஆறு வருடத்துக்குக் கவலை இல்லை என்கிறார். பக்கத்துத் தெரு அண்ணன் லினக்ஸ்தான் இலவசம், அதுவே போதும் என்கிறார்.

என் அனுபவத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். 2011இல் தமிழக அரசு தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் எனக்குப் பள்ளியில் ஒன்று கிடைத்தது. அதில் விண்டோஸ் 7 ஸ்டார்ட்டரும் பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்தன. பாஸ் என்பது மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் டெபியன் என்ற லினக்ஸ் வகையை அடிப்படையாக வைத்து உருவாக்கிய இயங்குதளம். வகுப்பில் பலர் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. கணிதம் படித்த எனக்கோ விண்டோஸ் திணறத் தொடங்கிய பிறகு அந்த லினக்ஸ்தான் முதுகலை வரை கைகொடுத்தது. ஆய்வறிக்கையை அச்சு வடிவில் அமைக்க லாடெக், புள்ளியியல் கணக்குகளுக்கு ஆர், இரண்டு மென்பொருளும் அதில் தடையில்லாமல் ஓடின. அதனால் லினக்ஸ் மீது எனக்கு நன்றியே உண்டு. ஆனால் தம்பி படிக்கப்போவது கணிதம் அல்ல.

விலைப்பட்டியல் வேண்டாம். என்ன படித்தீர்கள், எந்த இயங்குதளம் வைத்திருந்தீர்கள், எங்கே மாட்டிக்கொண்டீர்கள் என்று சொல்லுங்கள்.

ஓசூர் இயந்திரவியல்

அக்கா, இயந்திரவியல் என்றால் யோசிக்கவே வேண்டாம், விண்டோஸ் வாங்கிக் கொடுங்கள். இயந்திரப் பாகங்களை வரையும் சாலிட்ஒர்க்ஸ் விண்டோஸுக்கு மட்டுமே வருகிறது. இன்னொரு வரைபட மென்பொருளான ஆட்டோகேட் மேக்கிலும் உண்டு, லினக்ஸில் கிடையாது. கணக்கீட்டுக்கான மேட்லேப் மூன்றிலும் ஓடும். பாகத்தின் வலிமையைச் சோதித்துப் பார்க்கும் ஆன்சிஸ் விண்டோஸிலும் லினக்ஸிலும் ஓடும். ஆனால் முதல் இரண்டு வருடம் கையில் இருக்கப்போவது வரைபட மென்பொருள்தான்.

என் அறைத்தோழன் உபுண்டு என்ற லினக்ஸ் வகையை வைத்திருந்தான். கெட்டிக்காரன், ஃப்ரீகேட் என்ற இலவச வரைபட மென்பொருளைத் தானாகவே கற்றுக்கொண்டு எங்களைவிட வேகமாக வரைவான். சிக்கல் வேறிடத்தில் வந்தது. எங்கள் ஆய்வகத்தில் சாலிட்ஒர்க்ஸ் கோப்பாகத்தான் கொடுக்க வேண்டும். அவன் எல்லா வரைபட மென்பொருளும் படிக்கும் ஸ்டெப் என்ற பொதுக் கோப்பு வடிவத்துக்கு மாற்றித் தருவான். திறந்தால் உருவம் அப்படியே வரும். ஆனால் எந்த வட்டத்தை வரைந்து, எவ்வளவு நீட்டி, எங்கே துளை போட்டோம் என்ற படிநிலை வரலாறு அதில் இருக்காது. "இந்தத் துளையை 10 மில்லிமீட்டரிலிருந்து 12 ஆக்கு" என்று ஆசிரியர் சொன்னால், மற்றவர்கள் ஓர் எண்ணை மாற்றிவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். அவன் அந்தப் பகுதியையே மறுபடி செதுக்க வேண்டும். திறமைக் குறைவால் அல்ல, கோப்பு வடிவத்தால் அவன் மதிப்பெண் இழந்தான். அது எனக்கு இன்றைக்கும் ஆற்றாமைதான்.

ஆட்டோடெஸ்க் மென்பொருள்களை மாணவர்கள் கல்லூரி அடையாளத்தைக் காட்டி இலவசமாகப் பெறலாம், வருடாவருடம் புதுப்பிக்க வேண்டும். திருட்டுப் பிரதி தேடித் தம்பி வைரஸ் வாங்கிவர வேண்டியதில்லை. ரேம் 16 ஜிபி பாருங்கள்.

அரூர் ஆய்வாளர்

தமிழ் ஆய்வு செய்கிறவர்களின் சிக்கலை யாரும் பேசுவதில்லை என்பதால் நீளமாக எழுதுகிறேன்.

நான் வைத்திருப்பது லினக்ஸ் மின்ட் என்ற லினக்ஸ் வகை. பழைய 4 ஜிபி மடிக்கணினியிலும் சளைக்காமல் ஓடுகிறது. தமிழ்99, தட்டச்சு முறை, ஒலியியல் முறை என்று எல்லா விசைப்பலகையும் ஐபஸ் என்ற உள்ளீட்டு மென்பொருள் வழியாகக் கிடைக்கின்றன. என்.எச்.எம். ரைட்டர், இ-கலப்பை போன்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருள்கள் விண்டோஸுக்கானவை. அவை இல்லையே என்று தயங்குகிறவர்கள் தயங்க வேண்டாம், தட்டச்சில் ஒரு குறையும் இல்லை.

குறை எழுத்துருவில் வருகிறது. நெறியாளரின் கணினி விண்டோஸ். அவர் லதா எழுத்துருவில் திருத்தி அனுப்புவார். லதா விண்டோஸோடு வருவது, என் மின்ட்டில் இல்லை. என்னிடம் உள்ள லிப்ரே ஆபீஸ் என்ற இலவச எழுத்து மென்பொருள் தன்னிடம் உள்ள வேறொரு தமிழ் எழுத்துருவை அந்த இடத்தில் போட்டுக் காட்டும். எழுத்தின் அகலம் மாறுகிறது, வரி உடைகிறது, பக்கம் நகர்கிறது. முந்நூறு பக்க ஆய்வேட்டில் இரண்டாம் இயல் எங்கே தொடங்குகிறது என்பதே அவருக்கு ஒன்று, எனக்கு ஒன்று. "87ஆம் பக்கத்தில் அந்த மேற்கோளைச் சரிபார்" என்று தொலைபேசியில் சொல்வார். என் 87ஆம் பக்கத்தில் அப்படி ஒரு மேற்கோளே இருக்காது.

இன்னொன்று பாமினி. யூனிகோட் வருவதற்கு முந்தைய முறையில் அமைந்த எழுத்துரு அது. தட்டச்சு நிலையங்களில் இன்றும் அதில் அடித்துத் தருகிறார்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் திரை முழுக்க ஆங்கில எழுத்துக் குவியல்தான் தெரியும். யூனிகோடையும், தமிழுக்கென உருவான டேஸ்16 என்ற எழுத்துக் குறியீட்டு முறையையும் தமிழக அரசு 2010லேயே தரமாக அறிவித்துவிட்டது. இருந்தும் நம் தட்டச்சு நிலையங்கள் மாறவில்லை. பணம் கொடுத்து அடிக்கக் கொடுப்பவர்கள் "யூனிகோடில்தான் வேண்டும்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டால், மாற்றும்போது ஒற்றும் கொம்பும் இடம் மாறி, மெய்ப்புத் திருத்தவே வாரங்கள் போகும்.

நாங்கள் கண்ட தீர்வு எளியது. நோட்டோ செரிஃப் தமிழ் கட்டணமில்லாத, எவரும் பயன்படுத்தத் தடையில்லாத எழுத்துரு. அதை நெறியாளர் கணினியிலும் என் கணினியிலும் நிறுவிவிட்டோம். ஆய்வேடு முழுவதும் அதில்தான். நெறியாளருக்கு விண்டோஸ், எனக்கு லினக்ஸ், பக்க எண் இருவருக்கும் ஒன்று.

ஊத்தங்கரை மாணவி

நான் கணினி அறிவியல். இரண்டையும் ஒரே மடிக்கணினியில் வைத்திருக்கிறேன், விண்டோஸ் 11ம் உபுண்டு 24.04ம். இரட்டை இயங்குதளம் வைக்க நினைப்பவர்கள் மூன்று விஷயங்களை முன்கூட்டியே அறிந்திருந்தால் பயப்பட மாட்டார்கள்.

முதலாவது, பிட்லாக்கர் என்ற விண்டோஸின் வட்டுப் பூட்டு. இப்போது வரும் பல மடிக்கணினிகளில் வட்டு முழுவதும் குறியாக்கம் செய்யப்பட்டே இருக்கிறது. லினக்ஸ் நிறுவுவதற்காக, கணினி தொடங்கும்போது இயங்குதளத்தைச் சரிபார்க்கும் 'செக்யூர் பூட்' அமைப்பை அணைத்தால், அடுத்த முறை விண்டோஸ் திறக்கும்போது நீலத் திரையில் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். இது பழுது அல்ல, திருடன் கையில் போனால் காப்பாற்றுவதற்காக வைத்த பூட்டு. உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அந்த எண் இருக்கிறதா என்று பார்த்து, தாளில் எழுதி வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள். கடையில் யாரோ ஒருவரின் மின்னஞ்சலைக் கொடுத்துக் கணக்குத் திறந்து தந்திருந்தால் அந்த எண் அவரிடம்தான் போயிருக்கும். முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

இரண்டாவது, கடிகாரம். லினக்ஸ் தன் வன்பொருள் கடிகாரத்தை உலகப் பொது நேரத்தில் வைக்கும். விண்டோஸ் அதே கடிகாரத்தை உள்ளூர் நேரம் என்று எடுத்துக்கொள்ளும். நம் ஊருக்கு வித்தியாசம் ஐந்தரை மணி நேரம். உபுண்டுவில் வேலை செய்துவிட்டு மாலை ஆறு மணிக்கு விண்டோஸைத் திறந்தால் மதியம் 12.30 என்று காட்டும். என் தோழி மதர்போர்டு பேட்டரி போய்விட்டது என்று நினைத்துப் புதிதாக வாங்கிப் போட்டாள். உபுண்டுவை உள்ளூர் நேரத்தைப் பின்பற்றச் சொல்ல ஒரு வரிக் கட்டளை போதும், தீர்ந்தது.

மூன்றாவது, விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற விரைவுத் தொடக்க வசதியை அணைத்துவிடுங்கள். அது இருந்தால் விண்டோஸ் முழுமையாக மூடப்படாது. லினக்ஸிலிருந்து அந்த வட்டில் கோப்பைப் படிக்க மட்டும்தான் முடியும், எழுத முடியாது.

இவ்வளவு பாடு தேவையா என்றால், பலருக்குத் தேவையில்லை. விண்டோஸுக்கு உள்ளேயே உபுண்டு ஓட்டும் டபிள்யூஎஸ்எல் வசதி இருக்கிறது. பைத்தான், சி, கிட், தரவுத்தளம் எல்லாம் அதில் நன்றாக ஓடும். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டத்தில் முதல் பருவத்திலேயே பைத்தான் இருந்தது, அது எதில் வேண்டுமானாலும் ஓடும். அக்கா, உங்கள் தம்பிக்கு லினக்ஸ் பழக ஆசை இருந்தால் இதிலேயே தொடங்கட்டும்.

நம் பக்கக் கல்லூரிகளில் இன்னும் டர்போ சி என்ற பழைய சி மொழித் தொகுப்பியைக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். அதன் திரைக் கட்டளைகள் லினக்ஸின் சி தொகுப்பியான ஜிசிசியில் இல்லை, நிரல் பிழை காட்டும். பயிற்சி ஏட்டில் என்ன கேட்கிறார்களோ அதற்கு, பழைய டாஸ் நிரல்களை ஓட்டும் டாஸ்பாக்ஸில் டர்போ சி போட்டுக்கொள்ளுங்கள், மூன்று இயங்குதளங்களிலும் அது ஓடும். ஆனால் வேலைக்குப் போகிறவர்கள் ஜிசிசியில் எழுதிப் பழகுவதே நல்லது என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

காவேரிப்பட்டணம் பி.காம்.

வணிகவியல் என்றால் கணக்கு மென்பொருளான டேலி. டேலி என்றால் விண்டோஸ். இதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை. மேக்கில் எக்செல் உண்டு, ஆனால் பெரிய தரவுகளை அலசும் பவர் பிவட் அதில் இல்லை, தரவுத்தள மென்பொருளான ஆக்செஸும் கிடையாது.

ஓசூர் – பெங்களூரு பயணி

தினமும் ஓசூரிலிருந்து அத்திப்பள்ளி வழியாக பெங்களூருவுக்கு பஸ்ஸில் போய்வந்து வடிவமைப்புப் படிக்கிறேன். என்னுடையது எம்1 மேக்புக் ஏர். காலையில் சார்ஜ் போட்டுக் கிளம்பினால் இரவு வீடு திரும்பும்வரை சார்ஜர் தேவைப்படுவதில்லை. விசிறி இல்லாததால் நூலகத்தில் சத்தமும் இல்லை. தமிழ்99, அஞ்சல் விசைப்பலகைகள் உள்ளேயே இருக்கின்றன. ஐபோனுக்குச் செயலி உருவாக்கப் படிப்பவர்களுக்கு வேண்டிய எக்ஸ்கோடு மென்பொருள் மேக்கில் மட்டும்தான் உண்டு, அவர்களுக்கு வேறு வழியில்லை.

ஆனால் எம்1 போன்ற எம் வரிசைச் செயலி உள்ள மேக்குகளில், விண்டோஸையும் நிறுவ உதவிய பழைய பூட் கேம்ப் கிடையாது. வேண்டுமானால் பேரலல்ஸ் என்ற மென்பொருளைப் போட்டு அதற்குள், அந்தச் செயலிகளுக்கு ஏற்ற ஆர்ம் வகை விண்டோஸ் ஓட்டலாம், அதுவும் கூடுதல் செலவு. ரேம் பலகையோடு ஒட்டியே வருகிறது, பிறகு கூட்ட முடியாது. இயந்திரவியலுக்கு நான் சொல்ல மாட்டேன், அக்கா.

பென்னாகரம் வேளாண்மை

எங்கள் ஊரில் கைப்பேசி ஹாட்ஸ்பாட்தான் இணையம். விண்டோஸ் வைத்திருப்பவர்கள் அந்த இணைப்பை "மீட்டர்ட்" என்று குறித்து வையுங்கள். குறித்துவிட்டால் பெரிய புதுப்பிப்புகள் தானாக இறங்காது. இல்லையென்றால் அன்றைய டேட்டா காலையிலேயே தீர்ந்து, மாலை வகுப்புக் காணொளிக்கு மிஞ்சாது. மின்ட்டில் நாம் கேட்டால்தான் இறங்கும், அந்த ஒரு காரணத்துக்காகவே நான் மாறினேன். நில வரைபட வேலைக்குக் க்யூஜிஐஎஸ் என்ற இலவச மென்பொருள் போதுமானதாக இருக்கிறது. அதே வேலைக்கு ஆர்க்ஜிஐஎஸ் புரோ மென்பொருளைக் கேட்கும் துறையில் சேர்ந்தால் மறுபடி விண்டோஸுக்குத்தான் வர வேண்டும்.

கிருஷ்ணகிரி சர்வீஸ்காரர்

கடையில் தினமும் பார்ப்பதைச் சொல்கிறேன். நம் பிள்ளைகளில் பலர் பெங்களூரு எஸ்.பி. ரோட்டுக்குப் போய் அலுவலகங்கள் கழித்துவிட்ட மடிக்கணினியை வாங்கி வருகிறார்கள். நல்ல பொருளும் அங்கே உண்டு. ஆனால் இயங்குதளத்தைப் பார்க்காமல் உடம்பை மட்டும் பார்த்து வாங்குகிறார்கள்.

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. பதிவு செய்தவர்களுக்குப் பாதுகாப்புப் புதுப்பிப்பு மட்டும் 2026 அக்டோபர் வரை நீள்கிறது. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வன்பொருள் வேண்டும், இன்டெல் செயலி என்றால் எட்டாம் தலைமுறை முதல். செயலியின் எண்ணைப் பாருங்கள்: ஐ5-7300யூ என்றால் ஏழாம் தலைமுறை, ஐ5-8350யூ என்றால் எட்டாம் தலைமுறை. வெளியே இரண்டும் ஒரே உடம்பு, ஒரே கறுப்பு. சில மாடல்களில் ஒரே பெயரிலேயே இரண்டு தலைமுறையும் வந்திருக்கின்றன. மாடல் பெயரையோ ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரையோ நம்பாமல், இயக்கிப் பார்த்து சிஸ்டம் விவரத்தில் படியுங்கள். ஏழாம் தலைமுறையிலும் விண்டோஸ் 11 ஏற்றித் தருகிறேன் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். ஏறும், ஆனால் மைக்ரோசாஃப்ட் அதற்குப் பொறுப்பேற்பதில்லை. படிப்பு முடிகிறவரை புதுப்பிப்பு வரும் என்று அதை நம்பி இருக்க முடியாது.

அதே ஏழாம் தலைமுறை இயந்திரம் குப்பை என்று நினைத்துவிடாதீர்கள். எஸ்எஸ்டி என்ற வேகமான வட்டு போட்டு மின்ட் 22 ஏற்றினால் 2029 வரை புதுப்பிப்பு உண்டு. கணிதம், இலக்கியம், நிரலாக்கம் படிக்கிற பிள்ளைக்கு அது நல்ல பொருள். பணம் இல்லாத வீட்டுக்கு நான் அதைத்தான் மனதாரச் சொல்கிறேன்.

லினக்ஸ் போடப்போகிறீர்கள் என்றால் ஒரு பென்டிரைவில் மின்ட்டை ஏற்றி எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். நிறுவாமலே அதிலிருந்து இயக்கலாம். வைஃபை பிடிக்கிறதா, ஒலி வருகிறதா, கேமரா தெரிகிறதா, மூடித் திறந்தால் எழுகிறதா என்று கடைக்காரர் முன்னாலேயே பாருங்கள். சில வைஃபை சில்லுகள் லினக்ஸில் தகராறு செய்யும், அது வீட்டுக்கு வந்த பிறகு தெரியக் கூடாது. விண்டோஸ் என்றால் பேட்டரி அறிக்கை எடுங்கள். வடிவமைத்த கொள்ளளவு, இப்போதைய முழுக் கொள்ளளவு என்று இரண்டு எண் இருக்கும். இரண்டாவது எண் முதலாவதில் பாதியாக இருந்தால் பேட்டரி விலையைக் கழித்துப் பேசுங்கள்.

பாலக்கோடு அக்கா

அனைவருக்கும் நன்றி. விண்டோஸ் 11, 16 ஜிபி என்று முடிவு செய்துவிட்டோம். இப்போது 8 ஜிபியில் வாங்கிப் பிறகு ரேம் கூட்டிக்கொள்ளலாமா, அண்ணா?

கிருஷ்ணகிரி சர்வீஸ்காரர்

மாடலைப் பொறுத்தது, அம்மா. மெல்லிய மடிக்கணினிகள் பலவற்றில் ரேம் பலகையோடு சேர்த்தே பற்றவைக்கப்பட்டிருக்கும். வாங்கும் முன் "ஸ்லாட் காலியாக இருக்கிறதா" என்று கேளுங்கள். இருக்கிறது என்றால் அதைப் பில்லிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். 8 ஜிபி ஒரு துண்டாகப் போட்டு, இன்னொரு ஸ்லாட் காலியாக இருந்தால் நல்லது. இரண்டு 4 ஜிபியாகப் போட்டிருந்தால் 16 ஆக்க இரண்டையும் கழற்ற வேண்டும், பழையது வீண்.