ஜாங்கோ சப்குவெரியில் எடைக் கூட்டல் சிக்கல், உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. சுங்கை சிப்புட்டில் மாமா நடத்தும் செம்பனைக் குலைக் கடைக்கு ஜாங்கோவில் (பைத்தான் வலைச் சட்டகம்) கணக்கு நிரல் எழுதுகிறேன். தரவுத்தளம் போஸ்ட்கிரெஸ். எடைச்சீட்டு, முன்பணம் இரண்டும் தோட்டக்காரர் அட்டவணையோடு தனித்தனியாக இணைந்தவை.

இரண்டுக்கும் ஒரே அனோடேட்டில் (ஒவ்வொருவருக்கும் கணக்கிட்ட மதிப்பைச் சேர்ப்பது) சம், அதாவது கூட்டல், போட்டால் ஜாயின் (அட்டவணை இணைப்பு) வரிசைகளைப் பெருக்கிவிடுகிறது. மூன்று சீட்டும் இரண்டு முன்பணமும் உள்ளவருக்கு எடை இரட்டிப்பாகவும் முன்பணம் மும்மடங்காகவும் வருகிறது. டிஸ்டிங்க்ட் (ஒரே மதிப்பை ஒருமுறை மட்டும் எடுப்பது) போடச் சொல்லாதீர்கள்; ஒரே எடையில் வந்த இரண்டு லோரிகளில் ஒன்று காணாமல் போய்விடும், மாமா விடமாட்டார்.

சரி, சப்குவெரிக்கு (வினவலுக்குள் வினவல்) மாறினேன். உள்ளே அக்ரிகேட் (மொத்தத்தை உடனே கணக்கிடும் கட்டளை) வைத்தால் அது அங்கேயே ஓடப் பார்க்கிறது; அவுட்டர்ரெஃப் (வெளி வினவலைச் சுட்டுவது) இருப்பதால் வேல்யூ எரர் என்ற பிழை. அதனால் வேல்யூஸில் (வேண்டிய புலங்களைத் தேர்வது) தோட்டக்காரர் எண், அப்புறம் அனோடேட், கடைசி வேல்யூஸில் மொத்தம் மட்டும். முன்பணம் ஒழுங்காக வருகிறது. எடைச்சீட்டுக்கு மட்டும் ஒன்றுக்கு மேற்பட்ட வரிசை வருகிறதென்று போஸ்ட்கிரெஸ் திட்டுகிறது. அந்த மாடலின் (அட்டவணைக்கான வகுப்பு) மேனேஜரில், அதாவது அதன் வினவல்கள் தொடங்கும் இடத்தில், தேதிப்படி ஆர்டர்பை (வரிசைப்படுத்தல்) இருக்கிறது. தேதியும் குரூப் பை (குழுவாகப் பிரித்தல்) பகுதிக்குள் நுழைந்துவிடுகிறதோ என்று சந்தேகம்.

காலி ஆர்டர்பை போட்டு நீக்குவதுதான் முறையா, மேனேஜரையே மாற்றணுமா? சீட்டே இல்லாதவருக்கு வெற்று மதிப்பு வருகிறது, அதற்குக் கோயலெஸ் (வெற்று மதிப்புக்குப் பதில் வேறு மதிப்பு தருவது) போதும்தானே? மாதக் கடைசியில் பட்டுவாடா, கொஞ்சம் சீக்கிரம் சொல்லுங்கள்.