சார்ஜரில் ஓடுகிறது, பேட்டரி மட்டும் ஏறவில்லை

மேக்புக் ஏர், மாடல் ஏ1466, 2015. மூன்று வாரத்துக்கு முன் செந்தூல் வீட்டில் அதன் மேல் தே தாரேக் (பால் தேநீர்) கொட்டிவிட்டது. கொட்டியது நான்தான், மகனைத் திட்டிப் பயனில்லை. அன்றே பேட்டரியைக் கழற்றி, போர்டை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் கழுவிக் காயவைத்தேன். சார்ஜர் செருகினால் ஓடுகிறது. ஆனால் சார்ஜர் முனையில் பச்சை விளக்குதான், ஏறுவதைக் காட்டும் ஆரஞ்சுக்கு மாறவே இல்லை. பேட்டரி படத்தில் பெருக்கல் குறி. விசிறி ஓயாமல் இரைகிறது.

எஸ்எம்சி (மின்சாரம், விசிறி ஆகியவற்றைக் கவனிக்கும் சிப்) ரீசெட் செய்தாயிற்று. நண்பரின் அதே மாடல் பேட்டரியை மாட்டினேன், பலனில்லை. என் பேட்டரி அவர் மெஷினில் நன்றாகவே ஏறுகிறது. ஆக, போர்டுதான். போர்டின் முதன்மை மின் லைனான பிபிபஸ்ஸில் 8.6 வோல்ட் வருகிறது. பேட்டரியும் போர்டும் பேசிக்கொள்வது எஸ்எம்பஸ்ஸின் கிளாக், டேட்டா என்ற இரண்டு லைன்களில். பேட்டரி சாக்கெட்டில் கிளாக் 3.4 வோல்ட், டேட்டா மட்டும் 1.2-இலேயே நிற்கிறது. லென்ஸ் வைத்துப் பார்த்தால் ஒரு பின்னைச் சுற்றிப் பச்சைப் பாசி போல ஏதோ. பிரஷ்ஷால் தேய்த்தேன், வோல்ட் அசையவில்லை. கோலாலம்பூர் லோ யாட் வளாகத்தில் ஒரு கடையில் போர்டையே மாற்றச் சொன்னார்கள். பழைய மெஷினுக்கு அவ்வளவு செலவு செய்ய மனம் வரவில்லை.

சிப் கழற்றும் ஹாட் ஏர் கருவி, மல்டிமீட்டர் இரண்டும் கைவசம் உண்டு. டேட்டா லைனின் வோல்ட்டைக் கீழே இழுப்பது ஐஎஸ்எல்6259 சார்ஜிங் சிப்பா, எஸ்எம்சியா என்று எதையும் கழற்றாமலே கண்டுபிடிக்க வழி உண்டா?